ஷெட்டுக்கு வந்த மேஜைகள்

குடியாத்தம்
23.06.2024

அன்பான அக்காவுக்கு,

சோபனா எழுதறேன். இங்க எனக்கும் அவருக்கும் அத்தைக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்ல. ஊர்ல அப்பா வேர்க்கடலை போட்டிருக்காரு, அவரும் தெம்பா இருக்காரு. எல்லையில மலை மேல காவல் நிக்கிற நீ எப்படி இருக்கே? அட்டைப்பூச்சி கடிச்ச கால் ஆறிடுச்சா?

போன ஞாயித்துக்கிழமை கேம்ப் போன்ல பேசினப்பவே சொல்லணும்னு இருந்தேன். உனக்குப் பின்னாடி ஒரு கும்பலே வரிசையில நிக்குது, சீக்கிரம் சீக்கிரம்னு சத்தம் வேற கேக்குது. அதான் வாய் வரல. உன் கேம்ப்ல டவர் இல்லாததும் ஒரு விதத்துல நல்லதுதான். லெட்டர்ல எழுதினா வெக்கம் தெரியாது பாரு.

அக்கா, நீ பெரியம்மா ஆகப் போறே. மூணாவது மாசம்.

அவருக்குத் தலைகால் புரியல. பவர்லூம் ஷெட்ல எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் குடுத்துட்டு வந்தாரு. அத்தை மாங்கா ஊறுகா ஒரு ஜாடி நிறைய போட்டு வெச்சிருக்காங்க, எனக்குன்னு. காலையில கொஞ்சம் வாந்தி. சாயந்திரமானா தலைவலி. மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும்னு அத்தை சொல்றாங்க. உன் நெய் சோறு ஞாபகம் வருது. தலைவலி வந்தா நீ நெத்தியில பத்து போடுவியே, அதுவும் ஞாபகம் வருது.

அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல. நீயே சொல்லு. உன் வாயால கேட்டா அவருக்கு சந்தோஷம் ரெண்டு பங்கு.

உன் பதிலுக்கு வழி பார்க்கிற தங்கச்சி,
சோபனா


எல்லைக் கேம்ப்
10.07.2024

என் சோபுவுக்கு,

நந்தினி அக்காவோட ஆசீர்வாதம். நான் நல்லா இருக்கேன், கால் ஆறிடுச்சு. நீ நல்லா இருக்கணும், உன் வயித்துல இருக்கிறது உன்னைவிட நல்லா இருக்கணும்.

லெட்டர் பிரிச்சப்ப நான் டியூட்டி முடிச்சு துப்பாக்கி துடைச்சுக்கிட்டு இருந்தேன். படிச்சதும் கத்தின கத்துல பஞ்சாப்காரி ஹர்ப்ரீத் என்னமோ ஏதோன்னு ஓடி வந்தா. விஷயம் சொன்னதும் வெல்லத்தை உடைச்சு நாங்க தங்கற பாரக் பூரா குடுத்தா. பாஷை தெரியாத எட்டு பேர் உன் குழந்தைக்கு இப்ப சித்தி, பெரியம்மா எல்லாம்.

அப்பாகிட்ட சொல்லிட்டேன். போன்ல மூக்கை உறிஞ்சறது கேட்டுச்சு. அப்புறம் "லைன் சரியில்லம்மா"ன்னு சொன்னாரு. லைன் நல்லாத்தான் இருந்துச்சு.

ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. மாங்கா ஊறுகா வரைக்கும் எழுதியிருக்கே, ஆனா ஆம்பூர் கம்பெனியைப் பத்தி ஒரு வரி இல்ல. எப்பவும் உன் லெட்டர்ல பாதி அந்தத் தையல் மெஷினும் நீ தைக்கிற ஷூவும்தான் இருக்கும். என் தங்கச்சி தைச்ச ஷூ ஜெர்மனியில நடக்குதுன்னு நான் இங்க பீத்திக்குவேன். இந்தத் தடவை மெஷின் எங்க போச்சு? தலைவலின்னு வேற ரெண்டு இடத்துல எழுதியிருக்கே. இன்னா விஷயம்?

நல்லா சாப்பிடு. கீரை, முட்டை, பால். உன் வீட்டுக்காரர் நவநீதனைக் கேட்டதா சொல்லு, அத்தைக்கு என் வணக்கம்.

உன் அக்கா,
நந்தினி


குடியாத்தம்
28.07.2024

அன்பு அக்கா,

உன் லெட்டர் கையில கிடைச்சுது, எல்லாரும் நலம்னு தெரிஞ்சு நிம்மதி. இங்கயும் அப்படியே. வாந்தி நின்னுடுச்சு, கேழ்வரகுக் கூழ் நல்லா இறங்குது.

உன்கிட்ட ஒண்ணும் மறைக்க முடியாது போல. மெஷின்ல இல்ல அக்கா நான் இப்ப. ஏப்ரல் கடைசியில நானே கேட்டு பேஸ்டிங்குக்கு மாறிட்டேன். நாள் தள்ளிப்போனதும், மெஷின் அதிருதே, வயித்துக்கு ஆகாதேன்னு பயம். மேஜை வேலைன்னா நல்லதுன்னு நெனச்சேன். மாசமா இருக்கேன்னு சூப்பர்வைசர் கன்னியப்பன் சார்கிட்ட சொல்லல. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எங்க கம்பெனியில யாரும் வயிறு தெரியிற வரைக்கும் சொல்றதில்ல.

வேலை ஒண்ணும் கஷ்டமில்ல. ஷூவோட மேல்பாகத் தோலை மேஜையில வெச்சு, ஓரத்துல பிரஷ்ஷால சொல்யூஷன்ங்கற பசையைத் தடவி, கொஞ்சம் காய விட்டு, மடிச்சு சுத்தியால தட்டணும். அவ்ளோதான். சொல்யூஷன் ஒரு மாதிரி வாசனை வரும். பெட்ரோல் பங்க்ல நின்னா வருமே, அதைவிட கொஞ்சம் ஜாஸ்தி. தூசு ஒட்டிக்கும்னு ஜன்னலை சாத்தி வெச்சிருப்பாங்க. பழகிடுச்சு.

என் பக்கத்து ஸ்டூல் ஆஃப்ரீன். தங்கமான பொண்ணு. அவ குழந்தை ரெண்டு வருஷம் முன்னாடி ரொம்பச் சின்னதா பொறந்து கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்களாம். இப்ப நல்லா ஓடுது, ஆனா இன்னும் வயசுக்குத் தக்க எடை இல்ல.

பேஜார் பண்ணிக்காதே அக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஒன்பதாம் மாச வளைகாப்புக்கு லீவு போட்டு வந்துடு.

பாசமுள்ள தங்கச்சி,
சோபனா


எல்லைக் கேம்ப்
15.08.2024

சோபனாவுக்கு,

நான் சௌக்கியம். காலையில கொடி ஏத்தினோம், லட்டு குடுத்தாங்க. லட்டு கையில இருக்கும்போதுதான் உன் லெட்டர் வந்துச்சு. படிச்சப்புறம் இறங்கல.

இங்க மருந்து ரூம்ல ஒரு மலையாளத்து சிஸ்டர் இருக்காங்க. உன் லெட்டரைத் தமிழ்லயே படிச்சுக் காட்டினேன். அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன். "அந்தப் பசையில இருக்கிற கெமிக்கல் காத்துல கலக்கும். மூச்சுல போய் ரத்தத்துல சேரும். அம்மா ரத்தத்துல போறது குழந்தைக்கும் போகும். தினமும் ஜாஸ்தியா சுவாசிச்சா குழந்தையோட வளர்ச்சி குறையலாம், சீக்கிரமே பொறந்துடலாம். எல்லாருக்கும் ஆகும்னு இல்ல. ஆனா யாருக்கு ஆகும்னு முன்னாடியே சொல்ல முடியாது."

பழகிடுச்சுன்னு எழுதியிருக்கியே, மூக்குதான்டி பழகும்.

அந்த வேலையை விட்டுடு. நாளைக்கே விட்டுடு. வீட்டுச் செலவுக்கு நான் இருக்கேன். குழந்தை பொறக்கிற வரைக்கும் கால் நீட்டி உக்காரு. இது அக்கா கேட்டுக்கறது இல்ல, அக்கா சொல்றது. நவநீதனுக்கும் இதையே சொல்லு. அத்தை ஏதாவது சொன்னா என்கிட்ட பேசச் சொல்லு.

விட்டுட்டேன்னு ஒரு வரி எழுது, போதும்.

உன் நல்லதை மட்டுமே நெனைக்கிற,
நந்தினி


எல்லைக் கேம்ப்
22.09.2024

சோபு,

நீ எப்படி இருக்கே? வீட்ல எல்லாரும் எப்படி? எனக்கு லேசா சளி, வேற ஒண்ணுமில்ல.

ஒரு வரி கேட்டேன். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணா அத்தை எடுக்கிறாங்க, "அவ தூங்கறாம்மா"ங்கறாங்க. சாயந்திரம் நாலு மணிக்கு என்ன தூக்கம்?

அதட்டி எழுதினது உனக்குக் கோவமா இருக்கலாம். இருக்கட்டும். கோவமாவே எழுது. திட்டி எழுது. ஆனா எழுது.

அக்கா


குடியாத்தம்
06.10.2024

அக்கா,

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நானும் குழந்தையும் உசுரோட நல்லா இருக்கோம். உன் சளி போச்சா? கஷாயம் வெச்சுக் குடி.

உன் மேல கோவம் இல்ல. நீ சொன்னது மனசுல தைச்சுடுச்சு, ஆனா உடனே விட மனசு வரல. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு ஓட்டிட்டேன். செப்டம்பர்ல ஒரு நாள் மேஜை மேலயே தலைசுத்தி சாய்ஞ்சுட்டேன். அதையும் உனக்கு எழுதல. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டேப்பால வயித்தை அளந்த நர்ஸம்மா திரும்பவும் அளந்தாங்க. அப்புறம் ஸ்கேன். வாரக் கணக்குக்கு இருக்க வேண்டிய வளர்ச்சி இல்ல, குழந்தை சின்னதா இருக்குன்னாங்க.

நான் டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சொல்யூஷன், மூடின ஜன்னல், மலையாளத்து சிஸ்டர் சொன்னது, எல்லாம். அவங்க பொறுமையா கேட்டாங்க. "இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ரத்தம் கம்மியா இருந்தாலும் இப்படி ஆகும், சாப்பாடு பத்தலைன்னாலும் ஆகும். உனக்கு அது ரெண்டும் சரியா இருக்கு. அதனால அந்த ரூமை விட்டு வெளிய வா. நாலு வாரம் போகட்டும், குழந்தை விட்ட வளர்ச்சியைப் புடிச்சுக்குதான்னு பார்ப்போம்"னாங்க.

மறுநாளே கன்னியப்பன் சார்கிட்ட போய், மாசமா இருக்கேன், செக்கிங் மேஜைக்கு மாத்துங்கன்னு கேட்டேன். "செக்கிங்ல இடமில்ல. முடியலன்னா வீட்ல இரு. பொறந்தப்புறம் பார்க்கலாம்"னாரு. லீவு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். அன்னியில இருந்து அந்த ரூமுக்குள்ள கால் வெக்கல.

இதோட நிறுத்திக்கோன்னு நீ சொல்வே. ஆனா கேளு. ஆஃப்ரீன் திரும்பவும் மாசமா இருக்கா. என்கிட்ட மட்டும் சொன்னா. முதல் குழந்தை கண்ணாடிப் பெட்டியில இருந்ததை எல்லாம் பார்த்தவ, அதே ஸ்டூல்ல, அதே சொல்யூஷன் டப்பா முன்னாடி உக்காந்திருக்கா. நான் எழுந்து வந்த ஸ்டூல் ஒரு நாள்கூட காலியா இல்ல அக்கா. பேரணாம்பட்டுப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தியை உக்கார வெச்சிருக்காங்க. கல்யாணம் ஆகி மூணு மாசம்தான் ஆகுது.

தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு பஸ் புடிச்சு மாதனூர் வழியா ஆம்பூர் போறேன். கேட்டுக்கு வெளிய புளியமரத்தடியில உக்காந்து அவங்களோட பேசறேன். எல்லாருக்கும் தலைவலி இருக்கு, எல்லாருக்கும் கண் எரியுது, யாரும் வாய் தொறந்ததில்ல. வேலையை நிறுத்தினா துரத்திடுவாங்கன்னு பயப்படறாங்க. பயத்துல தப்பில்லையே, எல்லார் வீட்லயும் அடுப்பு எரியணும்.

நேத்து ராத்திரி சாப்பிடறப்ப இதைச் சொல்லிப் பொலம்பிக்கிட்டு இருந்தேன். என் வீட்டுக்காரர் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. அத்தைதான் சொன்னாங்க: "நெசவுக்காரங்க பாவு நூலை எங்கடி இழுத்துக் கட்டிப் போடறோம்? வீட்ல இடம் பத்தலன்னா தறியை நிறுத்திட்டா உக்காந்தோம்? தெருவுக்கு எடுத்துட்டு வந்து போடறோம். போற பஸ்ஸே ஒதுங்கிப் போவுது."

அவங்க சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் உடனே ஒரு யோசனை ஓட ஆரம்பிச்சுது.

என்னைத் திட்டாதே. மிச்சத்தை நடந்தப்புறம் எழுதறேன்.

சோபனா


எல்லைக் கேம்ப்
24.10.2024

சோபு,

நலமா இரு. நானும் பரவாயில்ல.

நீ ரூமை விட்டு வந்தது எனக்குப் போதும். மத்தது வேண்டாம். பஸ்ல ஆட்டம், வெயில், அவங்களோட வம்பு, இதெல்லாம் இந்த நேரத்துல எதுக்கு? ஆஃப்ரீனுக்காக மனசு கலங்குது, இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி. சின்ன வயசுல நாய் குரைச்சா என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவே. இப்ப என் முதுகு ரெண்டாயிரம் மைல் தள்ளி இருக்கு.

நீ ஏதோ பண்ணப் போறேன்னு தெரியுது. இந்த லெட்டர் வந்து சேர்றதுக்குள்ள பண்ணியிருப்பே. அதனால, பண்ணாதேன்னு எழுத வந்தவ, பத்திரம்னு எழுதறேன்.

அக்கா


குடியாத்தம்
03.11.2024

என் அக்காவுக்கு,

தீபாவளி நல்லபடியா முடிஞ்சுது. நீ அங்க என்ன சாப்பிட்டே, புதுத்துணி உடுத்தினியா? யூனிபார்ம்தானா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். எழுதறதுக்கு இவ்ளோ விஷயம் இருக்கே, எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

நாங்க ஜெயிச்சுட்டோம் அக்கா.

கம்பெனி காம்பவுண்டுக்குள்ள வண்டி நிறுத்தற ஷெட் ஒண்ணு இருக்கு. தகரக் கூரை, நாலு பக்கமும் காத்து. அதைத்தான் புளியமரத்தடியில உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். "வேலையை நிறுத்தினாத்தானே துரத்துவாங்க? நிறுத்த வேணாம். மேஜையைத் தூக்கிட்டுப் போய் அங்க செய்வோம்"னு சொன்னேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் கங்கம்மாள் அக்கா, லைன்லயே பெரியவங்க, சிரிச்சுட்டாங்க. "தூசு ஒட்டும்பானே கன்னியப்பன், அதுக்கு இன்னா பண்ணுவே?"ன்னாங்க.

அதுக்கு என் வீட்டுக்காரர்கிட்ட வழி இருந்துச்சு. பவர்லூம்ல கறை பட்டு ஒதுக்கின லுங்கித் துணி நீள நீளமா கிடக்கும். மூட்டையா கட்டிக் குடுத்தாரு. வாய் தொறக்காத மனுஷன் அன்னிக்கு "நல்லா இழுத்துக் கட்டு, காத்துல படபடன்னு அடிக்கும்"னு மட்டும் சொன்னாரு.

மறுநாள் காலையில நானும் கம்பெனி வேன்லயே போனேன். லீவுல இருக்கிறவ ஏன் வந்தேன்னு வாட்ச்மேன் கேட்டான். "சாமான் எடுக்க வந்தேன்"னேன். பொய் இல்லையே.

மணி அடிச்சுது. இருபத்தி மூணு பேர். ஒருத்தி ஸ்டூல், ரெண்டு ரெண்டு பேரா மேஜை, தோல் கட்டு, சுத்தி, சொல்யூஷன் டப்பா. எல்லாம் வெளிய வருது. நான் தூக்க வந்தா கை மேல அடிச்சு விரட்டினாங்க. லுங்கித் துணியைப் புடிச்சுக் கட்டற வேலை மட்டும் குடுத்தாங்க. வண்டிங்களை ஒரு ஓரமா தள்ளி, காத்து வர்ற பக்கமா தூணுக்குத் தூண் கட்டினோம். பச்சையும் நீலமும் கட்டம் போட்ட லுங்கி, ஷெட் பூரா. பார்க்க தேர்க் கொட்டகை மாதிரி இருந்துச்சு. உக்காந்து வேலையை ஆரம்பிச்சுட்டாங்க.

கன்னியப்பன் சார் ஓடி வந்தாரு. "இன்னாம்மா இது, ஸ்ட்ரைக்கா?"

"ஸ்ட்ரைக் இல்ல சார். கை நிக்கலையே, பாருங்க"ன்னு கங்கம்மாள் அக்கா தலை நிமிராம சுத்தியால தட்டறாங்க.

"டார்கெட் போச்சுன்னா?"

"ஜாஸ்தியே குடுக்கறோம்."

அவர் போய் மேனேஜர் நிசார் அஹமது சாரைக் கூட்டிட்டு வந்தாரு. அவர் நல்லா உயரம், சத்தமா பேசமாட்டாரு, அதுவே பயமா இருக்கும். ஷெட்டைச் சுத்தி ஒரு நடை நடந்தாரு. "யார் சொல்லி இதெல்லாம்?"னாரு.

எனக்கும் பயந்தான் அக்கா. ஆனா எழுந்துட்டேன். எழுந்தப்புறம் வேற வழியில்ல. "நான்தான் சார். என் குழந்தைக்கு வளர்ச்சி கம்மின்னு ஸ்கேன்ல வந்திருக்கு. இந்தக் காத்தாலதான்னு டாக்டர் சொல்லல. இல்லன்னும் சொல்லல. தெரியாத விஷயத்தை குழந்தை மேல பரீட்சை பண்ண முடியாது சார்."

"மாசமா இருக்கேன்னு சொன்னா லீவு குடுக்க மாட்டோமா?"

"லீவு வேணாம் சார், வேலை வேணும். சொன்ன அன்னிக்கே வேற மேஜை வேணும், அதே சம்பளத்துல."

அவர் மத்தவங்களைப் பார்த்து, "உங்கள்ல வேற யாராவது இப்படி இருக்கீங்களா?"ன்னு கேட்டாரு. இல்லன்னு வரும்னு நெனச்சுத்தான் கேட்டாரு போல.

ஆஃப்ரீன் கை தூக்கினா. சரி, ரெண்டு பேர்னு நான் நெனச்சேன். பின்னாடி வரிசையில இன்னொரு கை. அப்புறம் என் ஸ்டூல்ல உக்காந்திருந்த அந்தப் புதுப் பொண்ணு, நித்யஸ்ரீ, மெதுவா தூக்கினா. கல்யாணமாகி நாலு மாசம்கூட ஆகல. யாருக்கும் தெரியாது. அவ புருஷனுக்கே தெரியாதாம், அப்புறம் சொன்னா. சுத்தி சத்தமெல்லாம் நின்னு போச்சு. இத்தனை நாள் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒருத்திக்கு ஒருத்தி மறைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

நிசார் சார் தூக்கின கைங்களை ஒவ்வொண்ணா எண்ணினாரு. "சார், நீங்க போய் என் ஸ்டூல் இருந்த இடத்துல நின்னு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க"ன்னேன். எங்க இருந்து அந்த தைரியம் வந்துச்சோ. கன்னியப்பன் சார் என்னை முறைச்சாரு. ஆனா பெரியவர் நிஜமாவே டம்ளரோட உள்ள போனாரு. ஆளே இல்லாத ரூம், ஆனா டப்பா கழுவற தொட்டியும் பழைய சொல்யூஷனும் அங்கதானே இருக்கு. போன வேகத்துல திரும்பிட்டாரு. டம்ளர்ல பாதி அப்படியே இருக்கு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "இன்னிக்கு இங்கயே செய்ங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அதோட முடியல. மறுநாள் உள்ள போகச் சொன்னாங்க, நாங்க போகல. மூணாம் நாள் மழை புடிச்சுக்கிச்சு. தகரத்துல சத்தம் காதைப் பொளக்குது, லுங்கி எல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, மேஜையை நடுவுல குவிச்சுக்கிட்டு ஒருத்தி முதுகுல ஒருத்தி சாய்ஞ்சு வேலை செஞ்சாங்க. ரெண்டு பேர் உள்ள போயிடலாம்னாங்க. அப்ப யார் வந்தாங்க தெரியுமா? தையல் லைன் பொண்ணுங்க. சாப்பாட்டு நேரத்துல தார்ப்பாயைத் தூக்கிட்டு வந்து சுத்தியும் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவங்களை யாரும் கூப்பிடவே இல்ல.

அந்த மூணு நாளும் செக்கிங்ல இருந்து தப்புன்னு திரும்பி வந்த ஜோடி எப்பவும் வர்றதைவிட கம்மி. யாருக்கும் சாயந்திரம் தலைவலி இல்லையே, கை ஏன் தப்பும்? நிசார் சாரே அதைக் கணக்கு பார்த்து முதலாளிகிட்ட கொண்டு போனாராம். நாலாம் நாள் முதலாளி வந்தாரு. எங்களோட பேசி எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாரு. மாசமா இருக்கிறவ சொன்ன அன்னிக்கே செக்கிங் இல்லன்னா பேக்கிங், சம்பளம் குறையாது. பேஸ்டிங் ரூம் சுவத்தை இடிச்சு காத்தை இழுக்கிற பெரிய ஃபேன். தண்ணியில கரையற சொல்யூஷன் வரவழைச்சு முதல்ல ரெண்டு மேஜையில பார்க்கறோம்னாரு. ஃபேன் மாட்டற வரைக்கும் ஷெட்லயே வேலை. நோட்டீஸ் போர்டுல எழுதிப் போட்டுட்டாங்க.

வாயால சொன்னா நம்பமாட்டோம்னு கங்கம்மாள் அக்கா சொல்லிட்டாங்க, அதான் எழுதிப் போட்டாங்க.

நான் இப்ப செக்கிங் மேஜையில இருக்கேன் அக்கா. ஜன்னல் பக்கம்.

பெருமையோட உன் தங்கச்சி,
சோபனா


குடியாத்தம்
01.12.2024

அக்கா,

சுகமா? நாங்க சுகம்.

உன் அக்டோபர் லெட்டர் தீபாவளி முடிஞ்சு வந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. நாலு ஞாயித்துக்கிழமை போச்சு, போனும் இல்ல. உன் பேச்சைக் கேக்காம வம்புக்குப் போனேன்னு இன்னும் கோவமா? ஜெயிச்சுட்டேன்னு எழுதினப்புறமுமா?

சரி, கோவத்துலயே இதையும் படி. நாலு வாரத்துல போனப்ப, இன்னும் நாலு வாரம் போகட்டும்னுட்டாங்க, நேத்துதான் ஸ்கேன். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. நான் அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். "புடிச்சுக்கிச்சு"ன்னாங்க. இன்னும் கொஞ்சம் சின்னதுதான், ஆனா விட்ட இடத்துல இருந்து நல்லா ஏறுதாம். ரூமை விட்டு வந்ததாலயா, அத்தை குடுக்கிற முட்டையாலயான்னு கேட்டேன். "எதனாலன்னு குழந்தைதான் சொல்லணும். நீ செஞ்ச எதையும் நிறுத்தாதே"ன்னாங்க.

வளைகாப்பு பதினஞ்சாம் தேதி. உனக்கு லீவு கிடைக்குமா? ஒரு வார்த்தை எழுது அக்கா.

சோபனா


எல்லைக் கேம்ப்
15.12.2024

என் தங்கமே,

இன்னிக்கு உனக்கு வளைகாப்பு. கை நிறைய வளையலோட நீ உக்காந்திருக்கிறதை நெனச்சுக்கிட்டே எழுதறேன். நல்லா இரு, நூறு வருஷம் இரு.

எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ. எனக்கு மலேரியா வந்துடுச்சுடி. சளின்னு எழுதினேன் இல்ல, அப்பவே உடம்பு சரியில்ல. மாசமா இருக்கிறவகிட்ட சொல்லக் கூடாதுன்னு மறைச்சேன். தீபாவளிக்கு முன்னாடி ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில போட்டாங்க. அப்பாவுக்கும் தெரியாது. இப்ப நல்லா ஆயிட்டேன், சத்தியமா. கேம்ப்புக்கே திரும்பிட்டேன், ரெண்டு தோசைக்குப் பதிலா நாலு சாப்பிடறேன். மறைக்காதே மறைக்காதேன்னு உன்கிட்ட கத்தினவ நான். சிரிச்சுக்கோ.

உன் நவம்பர் லெட்டரை மலையாளத்து சிஸ்டர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. காய்ச்சல்ல கண் தெரியல. அவங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு வார்த்தையா படிக்கிறாங்க. மூணு பேர் கை தூக்கின இடம் வந்தப்ப நிறுத்திட்டாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "இரு, முதல்ல இருந்து படிக்கறேன்"னாங்க.

சோபு, நான் துப்பாக்கி புடிச்சு எட்டு வருஷம் ஆச்சு. வேலையை விடுன்னு உனக்கு சுலபமா எழுதிட்டேன். விட்டிருந்தா நீ ஒருத்தி தப்பிச்சிருப்பே. அதை நான் யோசிக்கவே இல்ல. உன்னை என் முதுகுக்குப் பின்னாடி ஒளியறவளாவே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்.

வளைகாப்புக்கு வர முடியல. ஆனா தை மாசம் லீவு போட்டுட்டேன், கையெழுத்தும் ஆயிடுச்சு. காட்பாடி ஸ்டேஷனுக்கு நவநீதனை வரச் சொல்லு.

முத்தத்தோட,
உன் நந்தினி


ஊர்
13.01.2025

என் உயிர் அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கோ, மாத்திரையை விடாம போடு. மலேரியாவை மறைச்சதுக்கு நேர்ல வந்ததும் இருக்கு உனக்கு. அப்பாவும் சொன்னாரு, "வரட்டும் அவ"ன்னு. நான் அப்பா வீட்லதான் இருக்கேன். நானும் இன்னொருத்தியும்.

ஆமா அக்கா, பொண்ணு. ஜனவரி நாலாம் தேதி, காலையில வெளிச்சம் வந்தப்புறம். சுகப் பிரசவம்.

பொறந்ததும் எனக்கு முதல்ல முகத்தைப் பார்க்கத் தோணல, தராசைத்தான் பார்த்தேன். நர்ஸம்மா துணியில சுத்தி வெச்சாங்க. நம்பர் நிக்காம ஆடுது, இவ கையையும் காலையும் உதைக்கிறா, எப்படி நிக்கும்? "அடங்குடி"ன்னு நர்ஸம்மா திட்டறாங்க. கடைசியில ரெண்டு கிலோ அறுநூத்தி ஐம்பதுன்னு நின்னுச்சு. நான் அழுதேன். பயந்துட்டாங்க, வலியான்னு கேட்டாங்க. கண்ணாடிப் பெட்டி வேணுமான்னு கேட்டேன். "எதுக்கு? இவளைப் பெட்டியில போட்டா உடைச்சுட்டு வருவா"ன்னாங்க.

டாக்டரம்மா தலை சுத்தளவு, நீளம் எல்லாம் பார்த்துட்டு, எல்லாம் சரியா இருக்கு, இருந்தாலும் மாசா மாசம் எடை பார்க்கக் கூட்டிட்டு வான்னு சொல்லியிருக்காங்க. போவேன். ஒரு மாசம்கூட விடமாட்டேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை ஒரு வேன் பூரா ஆளுங்க வந்துட்டாங்க. நம்ம தெருவே வேடிக்கை பார்த்துச்சு. கங்கம்மாள் அக்கா, நித்யஸ்ரீ, அவ புருஷன், தையல் லைன் பொண்ணுங்க. ஆஃப்ரீன் ஆம்பூர்ல இருந்து பிரியாணி ஒரு அண்டா கொண்டு வந்தா. அவளுக்கு இப்ப ஆறாம் மாசம், டேப்பால அளந்தாங்களாம், வாரக் கணக்குக்கு ஒரு நூல் குறையலையாம். சொல்லும்போது என் கையைப் புடிச்சுக்கிட்டா, விடவே இல்ல. ஃபேன் மாட்டியாச்சு, ரூம்ல பேசினா கேக்காத அளவுக்கு சத்தம், ஆனா யாரும் குறை சொல்றதில்ல. புது சொல்யூஷன் காய லேட் ஆகுதுன்னு கன்னியப்பன் சார் முணுமுணுக்கிறாராம். முணுமுணுக்கட்டும். அவரே போன வாரம் ஒரு பொண்ணைக் கூப்பிட்டு, "ஏம்மா, ஏதாவது விசேஷம்னா இப்பவே சொல்லு, மேஜை மாத்தணும்"னாராம். அந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையாம். எல்லாரும் சிரிச்ச சிரிப்புல இவ தூக்கம் கலைஞ்சு போச்சு.

ஆறு மாசம் கழிச்சு நான் வேலைக்குப் போறேன் அக்கா. பேஸ்டிங்குக்கே கேட்டிருக்கேன். பயமில்ல இப்ப. பக்கத்து கம்பெனியில இருந்து ரெண்டு பொண்ணுங்க கங்கம்மாள் அக்காகிட்ட வந்து, எப்படிப் பண்ணீங்கன்னு கேட்டாங்களாம். அவங்ககிட்ட ஷெட் இல்லையாம், மொட்டை மாடி இருக்காம்.

பேர் இன்னும் வெக்கல. அத்தைக்கு ஒரு பேர், அப்பாவுக்கு ஒரு பேர். ரெண்டு பேரும் முகம் குடுத்துப் பேசிக்கிறதில்ல. நீ வந்து சொல்றதுதான் பேர்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன். ரயில்ல வர்றப்ப யோசிச்சுக்கிட்டே வா.

இன்னும் நிறைய எழுதணும், இவ விடமாட்டேங்கறா. பசி. அப்பா கொல்லையில மாட்டுக்குத் தண்ணி காட்டறாரு, அங்க இருந்தே கேக்கறாரு, "யாரும்மா அது, இந்தக் கத்து கத்தறது?"ன்னு. உன் பேத்திதான்ப்பான்னு நானும் கத்தறேன்.

வா அக்கா, சீக்கிரம் வா. நான் போய் இவளை எடுக்கறேன்.

சோபனா